குரவைப்பள்ளத்து முன்சத்தம்

கண்ணாடி வண்டியில் ஏறுகிறவர்கள் எல்லாரும் குரவைப்பள்ளத்தைப் பார்ப்பதற்கென்றே ஏறுகிறார்கள். அந்த வண்டியில் பள்ளத்தைப் பார்க்கக் கூடாத ஒரே ஆள் அதை ஓட்டுகிற தங்கபுஷ்பம்தான். மேலச்சுனையில் புறப்பட்டு, மலையை இரண்டாக அறுத்துக்கொண்டு போகும் உள்ளாற்றின் ஓரமாகவே வளைந்து வளைந்து இறங்கி, குகை நுழைந்து, நடுப்பாலம் என்ற சின்ன நிறுத்தத்தில் மூச்சு வாங்கி, மறுபடி குகை நுழைந்து, பெரிய பாலம் கடந்து, மூன்றாவது குகையும் கடந்து, ஆற்றுமுகத்தில் சமவெளியைத் தொடும் வரைக்கும் அவள் கண் இரண்டு தண்டவாளங்களை விட்டு விலகாது. பின்னால் கூரையெல்லாம் கண்ணாடி போட்ட பெட்டிக்குள் ஜனங்கள் அருவி அருவி என்று வலப்பக்கம் சாய்வார்கள், யானை யானை என்று இடப்பக்கம் சாய்வார்கள், அந்தக் கூச்சல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை வைத்தே வெளியே என்ன தெரிகிறது என்று அவள் தெரிந்துகொள்வாள். வருஷக்கணக்காக அந்தத் தடத்தில் ஓட்டியும் அருவியை அவள் முழுசாகப் பார்த்ததில்லை. ஆனால் பள்ளத்தை அவளைப்போலக் கேட்டவர்கள் யாரும் கிடையாது.

ஹாரன் அடிப்பதில் ஒவ்வொரு ஓட்டுநருக்கும் ஒரு கை உண்டு. அமுக்குகிற பித்தான் ஒன்றுதானே, எல்லாச் சத்தமும் ஒன்றுதானே என்று வெளியாட்கள் நினைப்பார்கள். தண்டவாளத்தோரம் குடியிருப்பவர்களுக்கு அப்படி இல்லை. ஒருவர் எடுத்த எடுப்பில் அதட்டுவார், ஒருவர் கடனே என்று அடிப்பார். தங்கபுஷ்பம் நீளமாக அடித்து, நிறுத்தி, யாரையோ விட்டுவிட்டு வந்து திரும்பக் கூப்பிடுவதுபோலக் கடைசியில் ஒரு சின்ன ஊதல் சேர்ப்பாள். அது விதியில் இல்லாதது. நடுப்பாலத்தில் பால் குடிக்கிற பிள்ளைகூட அதைக் கேட்டால் தலையைத் திருப்பும் என்பார்கள்.

மாசி மாதத்தில், ஆறு மெலிந்து கற்கள் முதுகைக் காட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், முதல் குகையை நெருங்கி அவள் கையைத் தூக்கியபோது, பித்தானை அமுக்குவதற்கு ஒரு மூச்சு முன்னால், எதிரே நின்ற கரும்பாறைகளிலிருந்து அந்த ஊதல் வந்தது. நீளமாக வந்து, நின்று, சின்னதாக ஒன்று வந்தது.

பக்கத்து இருக்கையில் இருந்த உதவி ஓட்டுநர் சாகுல் திரும்பிப் பார்த்தான்.

"யக்கா, நீங்க இன்னும் அடிக்கலல்ல?"

"அடிக்கல."

"அப்பம் அடிச்சது யாரு?"

"நான்தான்," என்று சொல்லிவிட்டு அவள் அடித்தாள். ஊதல் போய்ப் பாறையில் பட்டது, பட்ட இடத்திலேயே நின்றுவிட்டது, திரும்பி வரவில்லை. வரவேண்டியது முதலிலேயே வந்துவிட்டதால் இனி வர ஒன்றுமில்லை என்பது அவளுக்கு உடனே விளங்கிவிட்டது.

ஏன் இப்படி ஆயிற்று என்று யாரும் அதிக நாள் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. குவாரியில் வெடி வைத்து வெடி வைத்துப் பாறைக்குள் ஏதோ இடம் மாறியிருக்கும் என்றார் தண்டவாள வேலைக்காரர்களின் மேஸ்திரி வேலாயுதம், அதோடு சரி. மழை முந்தி வருகிறது, மாம்பூ பிந்தி வருகிறது, எதிரொலி மட்டும் ஒழுங்காக வரவேண்டுமா என்பதுபோல நடுப்பாலத்துக்காரர்கள் அதற்கேற்ப வீட்டு வேலைகளை மாற்றி வைத்துக்கொண்டார்கள். அதற்கு முன்சத்தம் என்று பெயரும் வைத்தார்கள். நிறுத்தத்தில் டீக்கடை போட்டிருந்த லூர்தம்மாள், ஹாரனின் முன்சத்தம் கேட்டதும் வாணலியை அடுப்பில் ஏற்றினாள். வண்டி வந்து நிற்கும்போது வடை சூடாக இருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணியின் முன்சத்தத்துக்கே பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், அப்புறம் வாத்தியார் வெறும் வகுப்புக்கு மணி அடித்தார். கண்ணாடிப் பெட்டியில் வந்த வெளியூர் ஜனங்கள்தான் ஏமாந்தார்கள். பள்ளத்தைப் பார்த்துக் கூவுவார்கள், எதிரொலி வராது. "நீங்க கூவுனதெல்லாம் நேத்தே கேட்டாச்சு சார், நல்லாத்தான் கூவுனீங்க," என்று சாகுல் அவர்களைச் சமாதானப்படுத்துவான்.

ஏனென்றால் அதற்குள் இடைவெளி கூடியிருந்தது. முதலில் ஒரு மூச்சாக இருந்தது, பிறகு டீ ஆறுகிற நேரமாயிற்று, பிறகு ஒரு பகலாயிற்று, ஆனி பிறந்தபோது இன்றைக்குக் கேட்பது அடுத்த மாதம் நடப்பது என்கிற அளவுக்கு நீண்டுபோயிற்று. புருஷன் பெண்சாதி சண்டை முன்கூட்டியே ஊருக்குத் தெரிந்தது, அவர்களுக்கும் தெரிந்தது, தெரிந்தும் அன்றைய தினம் வந்ததும் அதே வார்த்தைகளை ஒன்று விடாமல் சொல்லித் தீர்க்கவேண்டியிருந்தது. ஒரு வீட்டிலிருந்து ஒப்பாரியின் முன்சத்தம் வந்தால், கேட்டவர்கள் கேட்காததுபோல இருப்பதும், மறுநாள் ஏதாவது பழம் வாங்கிக்கொண்டு போய் அந்த வீட்டுக் கிழவரிடம் சும்மா பேசிவிட்டு வருவதும் மரியாதை என்றாயிற்று. தப்பிக்கப் பார்த்தவர்களும் உண்டு. கோயில்பிச்சை என்பவன் தன் குரலிலேயே "யம்மா, என் கை" என்ற அலறலைக் கேட்டுவிட்டு, அரிவாளைப் பரணில் போட்டு, வேலைக்குப் போகாமல், கட்டிலைவிட்டு இறங்காமல் படுத்துக் கிடந்தான். கட்டில் கால் முறிந்தது, கை அடியில் மாட்டிக்கொண்டது, கேட்ட அதே குரலில் அலறினான். அதற்குப் பிறகு யாரும் தப்பிக்கப் பார்க்கவில்லை.

ஆனி மாதத்தின் கடைசியில் ஒரு மத்தியானம். தங்கபுஷ்பத்துக்கு அன்று ஓய்வு. நிறுத்தத்தை ஒட்டியிருந்த ரயில்வே குடியிருப்பில் அவளும் அவள் கணவன் அருமைநாயகமும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அருமைநாயகம் கீமேன். தினமும் வண்டிக்கு முன்னால் தோளில் சுத்தியலோடு நடுப்பாலத்திலிருந்து பெரிய பாலம் தாண்டும் வரைக்கும் தண்டவாளத்தின் மேலேயே நடந்து, தளர்ந்திருக்கிற பிடிகளை அடித்து இறுக்கிக்கொண்டு போவது அவன் வேலை. கண்ணாடி வண்டி பத்திரமாகப் போகிறது என்றால் அவன் அந்த வழியே முதலில் நடந்து போயிருக்கிறான் என்று அர்த்தம். அவள் இன்ஜினில் அவனைக் கடக்கும்போது அவன் ஓரமாக ஒதுங்கி நின்று பச்சைக்கொடி காட்டுவான். ஊருக்கு அது விதி. அவர்கள் இருவருக்கும் அது ஒரு சங்கதி.

முதலில் லூர்தம்மாளின் குரல் பாறையிலிருந்து வந்தது. "ஏ மூதி, சீப்போட தூக்கிட்டுப் போறியே, உனக்கு நான் நேர்ந்துவிட்டதா?" என்று ஒரு குரங்கை ஏசுகிற குரல். தெருவில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்தது வந்தது. குட்டை குட்டையாக, விடாமல், மூச்சுவிடாமல், ஒன்றின் மேல் ஒன்று ஏறி அடிக்கும் ஊதல். தடத்தில் ஆள் நிற்கும்போது அடிப்பது அது. கடைசியில் அது நின்று, சின்னதாக ஒன்று தனியாக வந்தது. கூப்பிடுவதுபோல.

அதற்குப் பிறகு பள்ளம் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, மறுநாளும் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை. பறவைச் சத்தம்கூட அதிலிருந்து வரவில்லை.

அந்த ஊதல் நின்றபோது அருமைநாயகம் சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தான். ஊற்றி முடித்துப் பிசைந்து ஒரு வாய் வைத்தான்.

"ரசத்துல உப்பு கம்மியா இருக்குட்டி," என்றான்.

அவள் எழுந்துபோய் உப்புச் சாடியை எடுத்து வந்தாள். எடுத்து வருவதற்கு நேரமாயிற்று.

ஊதல் யாருடைய கை என்று எல்லாருக்கும் தெரியும். குகையும் ஆறும் பாறையுமாக இருக்கிற அந்தத் தடத்தில் தினமும் நடக்கிற ஆள் ஒருவன்தான் என்றும் எல்லாருக்கும் தெரியும். மறுநாள் லூர்தம்மாள் அருமைநாயகத்துக்கு டீயோடு மீன் தலையையும் பொரித்துக் கொடுத்தாள். வேலித் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த கோயில்பிச்சை கட்டுப்போட்ட கையோடு வந்து, வேலியை நீ சொன்ன இடத்திலேயே நட்டுக்கோ என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

"நல்ல மனுசன்னு பேரெடுக்க நாப்பத்தஞ்சு வருசம் பாடுபட்டேன்," என்று அருமைநாயகம் சிரித்தான். "இப்படி ஒரு ஊதல்ல கிடைக்கும்னு தெரியாமப்போச்சே."

தங்கபுஷ்பம் சிரிக்கவில்லை. தன் கை இல்லாமல் அந்த ஊதல் நடக்காது என்று எண்ணி அவள் விடுப்பு எடுத்துப் பார்த்தாள். விடுப்பு எடுத்த நாளெல்லாம் மேலே சாரல் கொட்டி, மண் சரிந்து தடத்தை மூடி, வண்டியே ஓடவில்லை. இனி வேலைக்குப் போகாவிட்டால் முடியாது என்று அவள் திரும்பிப் போன காலையில் தடம் துடைத்து வைத்ததுபோல இருந்தது, வானமும் வெளுத்திருந்தது. மாற்றல் கேட்டாள். சீசன் முடியட்டும் என்று பதில் வந்தது. அப்போதுதான் மேஸ்திரி வேலாயுதம் வீட்டுக்கு வந்து, உட்காராமல் நின்றபடியே, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"முதுகுவலின்னு எழுதிக் குடுத்துட்டுப் படுத்துக்கோ, அருமை. வெளியே இருந்து ஒரு ஆளைப் போடச் சொல்லுதேன்."

"போடுற ஆளு யாரு மேஸ்திரி?"

"யாரா இருந்தா என்னய்யா. நம்ம ஆளு இல்ல."

அவர் போன பிறகு அருமைநாயகம் வெகுநேரம் சுத்தியலின் கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். "வேண்டாம்ட்டி," என்றான். "எனக்கு வர வேண்டிய ஊதல். அதுக்குப் போய் இன்னொருத்தனை நிக்க வைக்கதா?"

"ஊதல்ல பேரா எழுதியிருக்கு?" என்றாள் அவள். "அடிக்கப்போறது நான். யார் முன்னால அடிக்கணும்னு எனக்கு ஒரு இது இருக்காதா? நீங்க படுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவளுக்குக் கேட்டது. திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அருமைநாயகத்துக்கு நிஜமாகவே முதுகு வலித்தது என்று சொல்லும் சீட்டு மறுநாளே கிடைத்தது.

வந்தவன் பெயர் பிரதான். ஒடிசாக்காரன், கனத்த மீசையும் மெலிந்த உடம்புமாக, அருமைநாயகத்தின் வயதுதான் இருக்கும். பிடிகளை இறுக்குவதில் கெட்டிக்காரன், நடப்பதில் நிதானம், தமிழ் கொஞ்சம் வரும். தண்டவாளத்தோரக் குடிசையில் தனியாகத் தங்கினான். அவனுடைய சத்தங்கள் முன்பே பாறையிலிருந்து வந்திருந்தும், யாரோ வெளியூர்ப் பயணியுடையது என்று யாரும் காதில் போட்டுக்கொண்டிருக்கவில்லை. அது ஊருக்கு வசதியாக இருந்தது. இது இவன் சிரிப்பு, இது இவன் இருமல் என்று முன்னாலேயே தெரிந்து வைத்திருந்தால் அவனை அப்படி நிறுத்தியிருக்க மனசு வந்திருக்காதோ என்னவோ.

ஆனால் ஊர் அவனைப் பட்டினி போடவில்லை. காலையில் லூர்தம்மாள் வடை கொடுத்தாள், மத்தியானம் கோயில்பிச்சை வீட்டிலிருந்து சோறு போயிற்று, சாயங்காலம் ஒரு வீட்டில் கொழுக்கட்டை, ஒரு வீட்டில் கருவாட்டுக் குழம்பு. வாத்தியாரம்மா அவனுக்குத் தைலம் கொடுத்தனுப்பினாள். தங்கபுஷ்பமும் ஒரு தூக்குவாளியில் பாயாசம் கொடுத்தனுப்பினாள், தானே எடுத்துக்கொண்டு போகாமல். பிரதான் தேறினான், கன்னத்தில் சதை விழுந்தது. பின்னேரங்களில் சிக்னல் கிடைக்கிற உயரமான பாறையில் ஏறி நின்று அவன் பெண்சாதியிடம் போனில் பேசுவது கீழே எல்லாருக்கும் கேட்கும். ஒன்றும் புரியாது. மாச்ச, மாச்ச என்ற சொல் மட்டும் அடிக்கடி வரும். மீனைத்தான் சொல்லுதான் என்று லூர்தம்மாள் கண்டுபிடித்தாள். மறுநாளிலிருந்து பெரிய துண்டாகப் போட்டாள்.

ஊருக்குள் நாட்கள் ஒரு மாதிரி நகர்ந்தன. ஒவ்வொரு சத்தமும் ஏற்கெனவே கேட்டதாகவே இருந்தது, கேட்டு முடித்த நாட்களை உட்கார்ந்து வாழ்ந்து தீர்ப்பதுபோல இருந்தது. இன்ன சத்தம் ஆயிற்று, இனி இன்ன சத்தம், அதற்கடுத்து லூர்தம்மாள் குரங்கை ஏசுவாள், அதற்கடுத்து என்று எல்லாரும் மனசுக்குள் வைத்திருந்தார்கள். லூர்தம்மாள் கடையில் வாழைப்பழம் தொங்கவிடுவதையே நிறுத்திவிட்டாள். "சீப்பு இருந்தாத்தானே சீப்பைத் தூக்கும்," என்று கேட்பவர்களிடமெல்லாம் சொன்னாள். ஆனாலும் ஜவுளிக்கடையிலிருந்து ஒரு வெள்ளை வேட்டியும் கோடித்துணியும் மேஸ்திரி வாங்கி வைத்திருந்தார், பச்சை மூங்கில் இரண்டு வெட்டிப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்தார்கள். ஊர் தெரியாத மனுஷன், யாரும் இல்லை, நாம்தானே செய்யணும் என்றார்கள். அப்படிச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் உண்மையாகவே இரக்கம் இருந்தது.

வீட்டில் அருமைநாயகம் ஜன்னலோரம் படுத்திருந்தான். காலையில் பிரதானின் சுத்தியல் சத்தம் கேட்கத் தொடங்கியதும் எழுந்து உட்கார்ந்துகொள்வான்.

"மூணாவது குகைக்கிட்ட ஒரு பிடி எப்பவும் கழரும்," என்பான். "அதை அவங்கிட்ட யாராவது சொன்னாவளா?"

"அவருக்குத் தெரியும்."

"மத்தது தெரியுமா?"

அவள் இட்லித் துணியைப் பிழிவாள்.

ஒரு பின்னேரம் அவள் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துப் பிரதானின் குடிசைக்குப் போனாள். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனாள். அங்கே அவன் வாசலில் உட்கார்ந்து மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து, இருந்த ஒரே முக்காலியைத் துடைத்துப் போட்டான்.

"அக்கா, உட்காருங்க. நான் பத்து ஊர் வேலை செஞ்சேன். எந்த ஊரும் தண்ணி கேட்டா யோசிச்சுக் குடுக்கும். இங்க எல்லா ஆளும் எனக்கு அன்பு." மீனைக் காட்டினான். "நான் பொண்டாட்டிகிட்ட சொன்னேன், அவ நம்பல. ஏன் அக்கா இவ்வளவு அன்பு?"

அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் அவளுக்கு ஒன்றன்மேல் ஒன்று சரிந்தன. "பாலத்து மேல ரொம்ப நேரம் நிக்காதீங்க," என்று மட்டும் சொன்னாள். அவன் தலையாட்டினான். அவன் வற்புறுத்தியதால் ஒரு துண்டு மீனும் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்து, வெகுநேரம் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள்.

ஆடி மாதம், ஆறு இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்த ஒரு காலையில் கண்ணாடி வண்டி நிறைந்து நடுப்பாலத்தில் வந்து நின்றது. வெளியூர் ஜனங்கள் இறங்கி வடை வாங்கினார்கள், படம் பிடித்தார்கள். அப்போது கோயில்பிச்சையின் பெண்சாதி, பிரதானுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு சீப்பு நாட்டுப்பழத்தைக் கொண்டுவந்து லூர்தம்மாள் கடைப் பலகையில் வைத்துவிட்டுப் போனாள். வைத்ததை லூர்தம்மாள் பார்க்கவில்லை. கூரைமேல் இருந்த குரங்கு பார்த்தது.

"ஏ மூதி, சீப்போட தூக்கிட்டுப் போறியே, உனக்கு நான் நேர்ந்துவிட்டதா?"

சொல்லி முடித்த பிறகு லூர்தம்மாள் கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நின்றாள். நிறுத்தத்தில் இருந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் நின்றார்கள். வெளியூர் ஜனங்கள் மட்டும் குரங்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இன்ஜினில் இருந்த தங்கபுஷ்பம் லூர்தம்மாளைப் பார்த்தாள். லூர்தம்மாள் பார்வையைத் திருப்பிக்கொண்டு அடுப்பைத் தணித்தாள். மேஸ்திரி வேலாயுதம் பள்ளிக்கூடத்துப் பக்கம் நடந்து போனார்.

பின்னால் கார்டு பச்சைக்கொடி காட்டினார். சாகுல் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டிய வார்த்தையைச் சொல்லாமல் இருந்தான்.

"யக்கா."

"சொல்லு."

"போகாம இருந்தா என்ன?"

"போகாம இருந்தா கட்டில் கால் முறியும்," என்றாள் அவள், வண்டியை எடுத்தாள். ஆனால் எப்போதும் எடுப்பதுபோல எடுக்கவில்லை. ஆள் நடக்கிற வேகத்தில், ஒவ்வொரு கட்டையாகத் தெரிகிற வேகத்தில் போனாள். குகைக்கு இந்தப் பக்கத்திலேயே, நிழலில், பச்சைக்கொடியை மடியில் வைத்துக்கொண்டு பிரதான் உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். வழக்கமாக இந்நேரம் பெரிய பாலத்தின் நடுவில் நிற்பவன். அவள் வண்டியை நிறுத்தினாள். அந்த இடத்தில் வண்டி இதுவரைக்கும் நின்றதே இல்லை.

"வயிறு சரி இல்ல அக்கா," என்று பிரதான் வெட்கத்தோடு எழுந்தான். "நேத்து நாலு வீட்டு சாப்பாடு. மெதுவா போறேன்."

"ஏறுங்க."

"இன்ஜின்லயா? அது ரூல் இல்லியே."

"பிரதான் அண்ணே, ஏறுங்க."

அவன் சுத்தியலோடு ஏறினான். சாகுல் எட்டி அவன் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான், கதவைச் சாத்தித் தாழும் போட்டான். தடத்தில் நடக்கிற ஒரே ஆள் இப்போது அவள் முதுகுக்குப் பின்னால், டீசல் வாசனையில், மூச்சுவிட்டுக்கொண்டு நின்றான். வண்டி மெதுவாகக் குகைக்குள் நுழைந்தது, இருட்டில் கண்ணாடிப் பெட்டி ஜனங்கள் ஓவென்று கூவினார்கள், குகை முடிந்து வெளிச்சம் வந்தது, வளைவு வந்தது, வளைவு திரும்பியதும் பெரிய பாலம் வந்தது.

பாலத்தின் மேல் நீலச் சட்டை போட்ட ஒருவன் ஓடிக்கொண்டிருந்தான். முதுகுதான் தெரிந்தது. இடது தோளைச் சற்றே இறக்கி, வருஷக்கணக்காகச் சுத்தியல் சுமந்த தோளை இறக்கி, கட்டைக்குக் கட்டை தாவி ஓடினான். அந்த முதுகு யாருடையது என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லூர்தம்மாளின் ஏச்சு ஜன்னல் வழியாகக் கேட்டதும் அவன் எழுந்து, குகைக்கு மேலாக ஏறி இறங்கும் ஒற்றையடிப்பாதையில் இறங்கி, வண்டிக்கு முன்னால் பாலத்துக்கு வந்துவிட்டான். பாலத்தில் நிற்கும் பிரதானை இழுத்துப் போட வந்தவன், ஆளைக் காணாமல், ஆற்றுக்குள் விழுந்துவிட்டானோ என்று கீழேயும் முன்னேயும் பார்த்துப் பார்த்து ஓடினான். கீழே உள்ளாறு போட்ட இரைச்சலில் இன்ஜின் சத்தம் அவனுக்குக் கேட்கவில்லை.

அவள் ஒரு கையால் பிரேக்கை முழுசாகப் போட்டாள். இன்னொரு கை தானாகப் போயிற்று. குட்டை குட்டையாக, விடாமல், ஒன்றின் மேல் ஒன்று ஏற. அடிக்கும்போதே ஒவ்வொன்றும் அடுத்து எப்படி வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஊதல் பாறையில் போய் விழுந்தது, ஒன்றுகூடத் திரும்பவில்லை. இரும்பு இரும்பில் கிறீச்சிட்டது. நீலச் சட்டை பெரிதாகிக்கொண்டே வந்தது. அவள் கை ஊதலை நிறுத்தி, அவளைக் கேட்காமல், கடைசியாகச் சின்னதாக ஒன்று அடித்தது.

அதற்கு அருமைநாயகம் திரும்பினான்.

வண்டி நின்றபோது இன்ஜினின் முகப்புக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு குடம் வைக்கிற இடம்தான் இருந்தது. வேகமாக வந்திருந்தால், பிரதானை ஏற்ற நிற்காமல் வந்திருந்தால், நிற்கிற வண்டி இல்லை அது. அருமைநாயகம் இரண்டு கையையும் இன்ஜினின் மேல் வைத்து, குனிந்து மூச்சு வாங்கினான். பிறகு நிமிர்ந்து கண்ணாடிக்குள் பார்த்தான். தங்கபுஷ்பத்தைப் பார்த்தான், அவளுக்குப் பின்னால் பிரதானைப் பார்த்தான்.

"இங்கயா இருக்கான்," என்றான். தண்டவாளத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

அவளும் சாகுலும் பிரதானும் இறங்கி அவனைத் தூக்கிப் பாலத்தின் ஓரத்தில் சேர்த்தார்கள். அவள் அவன் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள், யூனிஃபார்மில் முந்தானை இல்லை என்பது நினைவுக்கு வந்து கையால் துடைத்தாள். பிரதான் அவன் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே, "யார் இவர்? ஏன் ஓடினார்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

"உங்களைத் தேடி," என்றான் சாகுல்.

அப்போது குகைக்குள்ளிருந்து ஊர் வந்தது. அந்த ஊதலைக் கேட்டு, அதற்கு எதிரொலி வராததையும் கேட்டு, இதுதான் அது என்று தெரிந்துகொண்டு, தயாராக வைத்திருந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். முன்னால் மேஸ்திரி வேலாயுதம், தோளில் அந்த மூங்கில்கள். பின்னால் கோயில்பிச்சை, கோடித்துணியோடு. லூர்தம்மாள் மண்பானையோடு. அழுதுகொண்டே வந்த பெண்கள் வண்டியின் ஓரமாக வரிசையாகப் பாலத்துக்கு வந்து, அருமைநாயகத்தின் அருகில் குந்தியிருந்த பிரதானைப் பார்த்ததும் ஒருவர்மேல் ஒருவர் மோதி நின்றார்கள். அழுகை நின்றது. கண்ணாடிப் பெட்டியில் முகங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

பிரதான் எழுந்தான். மூங்கிலைப் பார்த்தான். வெள்ளைத் துணியைப் பார்த்தான். உயிரோடு உட்கார்ந்திருக்கும் அருமைநாயகத்தைப் பார்த்தான்.

"இது யாருக்கு?" என்று கேட்டான்.

மேஸ்திரி மூங்கிலைத் தோளிலிருந்து இறக்கினார்.

"இவர் இங்க வருவார்னு உங்களுக்குத் தெரியாது," என்றான், மெதுவாக, கணக்குப் பார்க்கிற பிள்ளைபோல. "மூங்கில் வெட்டி நாளாச்சு. காஞ்சிருக்கு." ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனான். வடை கொடுத்த முகம், சோறு கொடுத்த முகம், தைலம் கொடுத்த முகம். லூர்தம்மாள் பானையை இடுப்புக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தாள், அது மறைகிற அளவில் இல்லை. கடைசியில் தங்கபுஷ்பத்திடம் வந்து நின்றான்.

"அக்கா, உங்களுக்கும் தெரியுமா?"

"தெரியும்," என்றாள் அவள்.

அவன் தன் மொழியில் ஏதோ சொன்னான். உரக்கச் சொல்லவில்லை, ஏசுவதுபோலவும் இல்லை. தன் பெண்சாதியிடம் பேசுகிற அதே குரலில் நீளமாகச் சொன்னான். மாச்ச என்ற சொல் அதில் ஒரு தடவை வந்தது. லூர்தம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள், இது வேறு அழுகை.

அருமைநாயகம் எழுந்திருக்க முயன்றான். "நான் நடக்கேன், சுத்தியலைக் குடுங்க," என்றான். பிரதான் கொடுக்கவில்லை. இன்ஜினில் ஏறிச் சுத்தியலையும் கொடியையும் எடுத்துக்கொண்டு இறங்கி, வண்டிக்கு முன்னால் போய், தண்டவாளத்தின் நடுவில் நின்றுகொண்டான். ஓரத்தில் ஒதுங்கவில்லை. பிறகு ஆற்றுமுகத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினான், ஒவ்வொரு பிடியாகத் தட்டிக்கொண்டு, நிதானமாக.

தங்கபுஷ்பம் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள், பிரேக்கை எடுத்தாள், அவன் நடக்கிற வேகத்தில் வண்டியை நகர்த்தினாள். பின்னால் கண்ணாடிப் பெட்டியில் ஜனங்கள் வலப்பக்கம் சாயவுமில்லை இடப்பக்கம் சாயவுமில்லை. சுத்தியல் ஒவ்வொரு தடவை விழும்போதும் சத்தம் ஒரு தடவைதான் கேட்டது, முன்னாலும் ஒன்றில்லை, பின்னாலும் ஒன்றில்லை. அடுத்து என்ன கேட்கப்போகிறது என்பது அந்தப் பள்ளத்தில் யாருக்கும் தெரியாமல் இருந்தது. அவளுக்கு முன்னால் அந்த முதுகு போய்க்கொண்டே இருந்தது, பாலத்தைக் கடந்தது, அடுத்த குகையின் இருட்டுக்குள் நுழைந்தது. குகை வாசலில் ஹாரன் அடிப்பது விதி. அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, சுத்தியல் மறுபடி விழுகிறதா என்று காதைக் கொடுத்தபடி, அவன் பின்னாலேயே இருட்டுக்குள் போனாள்.